டெமோ பீஸை யார் சுத்தம் பண்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



தி.நகர் உஸ்மான் ரோடு, மயிலாப்பூர் லஸ், அடையாறு சிக்னல் பக்கம்னு எங்க வேணா போங்க. ஏதாவது ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமுக்குள்ள நுழைங்க. சுவர் முழுக்க டிவி மின்னும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தா புது பிளாஸ்டிக் வாசனை வரும். வாஷிங் மெஷின் மேல ஒட்டின ஸ்டிக்கர்கூட கிழியாம இருக்கும். அப்படியே உள்ள போனா, மிக்ஸி ரேக்குக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு ஓரமா வேக்குவம் கிளீனர் நிக்கும். அதை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க.

டப்பாவுல பாதிக்குத் தூசி இருக்கும். பிரஷ்ல தலைமுடி சுத்தியிருக்கும். ஹோஸ் ஒரு இடத்துல மடிஞ்சு விரிசல் விட்டிருக்கும். வயர் இல்லாத மாடல்னா சார்ஜ் இருக்காது. "கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டுங்களேன்"னு கேட்டா சத்தம் மட்டும் பயங்கரமா வரும், தரையில கிடக்கிற பேப்பர் துண்டு நகரவே நகராது.

எல்லாக் கடையும் இப்படின்னு சொல்லல. நல்லா வெச்சிருக்கிற இடமும் உண்டு. ஆனா இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசா இருக்காதுன்னு நினைக்கிறேன். சுத்தம் பண்றதுக்குன்னே பொறந்த மெஷின், கடையிலயே அழுக்கான பொருளா நிக்குது. ஏன்?

கடைக்காரங்க சோம்பேறித்தனம்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனா இதுக்குப் பின்னாடி 120 வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு. டெமோ மெஷின் ஒவ்வொரு காலத்துலயும் யார் கையில இருந்தது, அது சரியா வேலை செய்யலன்னா யாருக்கு நஷ்டம் – இந்த ரெண்டு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா, கடை மூலையில நிக்கிற அந்த அழுக்கு மெஷினுக்கு விடை கிடைக்கும். போலாமா?

சொதப்பின ஒரு டெமோ

1901, லண்டன். ஹியூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர். ஒரு புது மெஷினோட டெமோ பார்க்கப் போறார். ரயில் பெட்டியைச் சுத்தம் பண்ற மெஷின். அது எப்படி வேலை செய்யும்னா, காத்தை வேகமா ஊதித் தூசியைக் கிளப்பும். கிளம்பின தூசி பக்கத்துல இருக்கிற பெட்டிக்குள்ள விழணும். நடந்தது என்னன்னா, பாதித் தூசி கிளம்பித் திரும்ப அதே இடத்துல வந்து உக்காந்தது.

பூத் கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது. "ஊதறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்ன?" அதெல்லாம் நடக்காதுன்னு பதில் வந்தது. பூத் விடல. ஒரு உணவகத்துல நாற்காலி மெத்தை மேல கைக்குட்டையை வெச்சு, வாயை வெச்சு உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு முட்டி இருமல் வந்தது. ஆனா கைக்குட்டையோட அடிப்பக்கத்துல வட்டமா கறுப்புத் தூசி படிஞ்சிருந்தது.

வேக்குவம் கிளீனர் வரலாற்றுல இதை முதல் வெற்றிகரமான டெமோன்னே சொல்லலாம். மெஷின் எதுவும் இல்லாம, ஒரு மனுஷனோட நுரையீரல் பண்ண டெமோ.

அதே வருஷம் பூத் காப்புரிமை வாங்கினார். அவர் கட்டின மெஷினை வீட்டுக்குள்ள கொண்டு போகவே முடியாது. குதிரை வண்டியில வரும். தெருவுல நிறுத்தி, நீளமான குழாய்களை ஜன்னல் வழியா உள்ள விட்டு உறிஞ்சுவாங்க. குழாயோட ஒரு பகுதியைக் கண்ணாடி மாதிரி வெச்சு, தூசி ஓடறதைத் தெருவுல நிக்கிறவங்களும் பார்க்கிற மாதிரி செஞ்சாங்க. 1902-ல ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்கு முன்னாடி வெஸ்ட்மின்ஸ்டர் அபேல விரிச்சிருந்த கம்பளத்தைச் சுத்தம் பண்ணது இந்த மெஷின்தான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. பூத் மெஷினை விக்கல, சுத்தம் பண்ற சேவையை வித்தார். மெஷின் அவர் கம்பெனிக்குச் சொந்தம். அது அடைச்சு நின்னா அன்னிக்கு வருமானம் போச்சு. அதனால மெஷினைப் பராமரிக்க யாரும் தனியா வந்து ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமே இல்ல.

துப்புரவுத் தொழிலாளி செஞ்ச மெஷின்

அடுத்த இடம் அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், கேன்டன் நகரம். அங்க ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா. தரை பெருக்கும்போது கிளம்பற தூசியில மூச்சு விட முடியல. ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை. இதையெல்லாம் சேர்த்து கையால தள்ளிக்கிட்டுப் போற ஒரு மின்சார மெஷினைச் செஞ்சார். 1908-ல காப்புரிமை கிடைச்சது.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு நம்ம கையில பிடிக்கிற வேக்குவம் கிளீனரோட தாத்தா மெஷின் ஒரு கடைக்குள்ளதான் பிறந்திருக்கு. கடையைச் சுத்தமா வெச்சுக்க வேண்டிய தொழிலாளி, தன் மூச்சுக்காகச் செஞ்சது.

ஸ்பாங்லர் கையில பணம் இல்ல. குதிரைச் சேணம் மாதிரி தோல் பொருள்கள் செஞ்சு வித்துக்கிட்டிருந்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார். கார் வந்துட்டிருந்த காலம், சேணத்துக்கு எதிர்காலம் இல்லன்னு அவருக்குத் தெரியும். 1908 டிசம்பர்ல ஒரு பிரபல வாரப் பத்திரிகையில விளம்பரம் குடுத்தார்: பத்து நாள் வீட்டுல வெச்சு இலவசமாப் பயன்படுத்திப் பாருங்க!

கேட்டவங்களுக்கு ஹூவர் நேரடியா மெஷினை அனுப்பல. அந்தந்த ஊர்ல இருக்கிற ஒரு நல்ல கடைக்கு அனுப்பி, "இதை இவங்க வீட்டுல குடுங்க, வித்தா உங்களுக்குக் கமிஷன்"னு சொன்னார். அப்படிச் சேர்ந்த கடைகள்தான் பின்னாடி அவரோட டீலர்கள் ஆனாங்க. டெமோ நடந்தது வீட்டுல, மெஷின் வந்தது கடை வழியா. பத்து நாள்ல மெஷின் சொதப்பினா கமிஷன் இல்ல. இந்த ஏற்பாட்டுலயும் நஷ்டம் யாருக்குங்கறது தெளிவா இருந்தது.

ஐரோப்பாவுல இன்னொரு கதை. 1908 வாக்குல, ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்ஸெல் வென்னர்-கிரென், வியன்னா நகரத்துல ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சிருந்த வேக்குவம் கிளீனரைப் பார்க்கிறார். அது பெரிய கனமான சமாசாரம். இதை எடை குறைச்சு, விலையும் குறைச்சா வீட்டுக்கு வீடு விக்கலாமேன்னு அவருக்குத் தோணுது. பின்னாடி அவர் உருவாக்கின கம்பெனி எலக்ட்ரோலக்ஸ். 1921-ல வந்த 'மாடல் V', தரையில சறுக்கிக்கிட்டே இழுத்துப் போற உருளை வடிவ மெஷின். அதைத் தூக்கிக்கிட்டு சேல்ஸ்மேன்கள் வீடு வீடாப் போனாங்க. கடையில சும்மா நின்ன ஒரு டிஸ்ப்ளே பீஸைப் பார்த்தவர், டெமோவை கடையை விட்டு வெளிய கொண்டு போயிட்டார்.

அந்த எலக்ட்ரோலக்ஸ்தான் நம்ம ஊருக்கும் வந்தது.

கம்பளம் இல்லாத ஊருக்கு வந்த மெஷின்

1982. பம்பாய்ல 1767-லயே தொடங்கின பழைய வணிக நிறுவனம் ஃபோர்ப்ஸ். அது அப்போ டாட்டா குழுமத்தோட இருந்தது. அதுவும் ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து ஒரு புது கம்பெனி தொடங்கினாங்க. பேர், யுரேகா ஃபோர்ப்ஸ். 'யுரேகா'ங்கறது 1909-ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல பிறந்த வேக்குவம் கிளீனர் பிராண்ட். எலக்ட்ரோலக்ஸ் அதை எழுபதுகள்ல வாங்கியிருந்தது. இந்தியாவுல அவங்க கொண்டு வந்த வேக்குவம் கிளீனர் யூரோகிளீன். தண்ணி சுத்திகரிக்கிற அக்வாகார்டும் அவங்களோடதுதான்.

இப்போ சென்னையை நினைச்சுப் பாருங்க. எண்பதுகள்ல மயிலாப்பூர்ல ஒரு வீடு. தரை ரெட் ஆக்சைடு, இல்லன்னா மொசைக். கம்பளமே கிடையாது. காலையில வாசல்ல தென்னந்துடைப்பம், உள்ள பூந்துடைப்பம், அப்புறம் ஈரத் துணி போட்டுத் துடைக்கிறது. பெரும்பாலும் அந்த வேலையை வீட்டுப் பெண்களோ, குறைஞ்ச சம்பளத்துக்கு வர்ற ஒரு அம்மாவோ செஞ்சாங்க. ஐரோப்பாவுல இந்த மெஷினுக்கு இருந்த முக்கியக் காரணமே கம்பளம். அது இல்லாத ஊர்ல இதை எப்படி விப்பீங்க?

கடையில வெச்சா விக்காது. யாரும் தேடி வர மாட்டாங்க, தேவைன்னே தெரியாதே. அதனால கடையை விட்டுட்டு நேரா வீட்டுக்குப் போனாங்க. டை கட்டின இளைஞர்கள், கையில பெட்டி. 'யூரோசாம்ப்'னு அவங்களுக்குப் பேர். உங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க, ஞாபகம் இருக்கும். "மேடம், வாங்க வேண்டாம், சும்மா டெமோ மட்டும் பாருங்க."

அந்த டெமோல தரைக்கு முக்கியத்துவம் கம்மி. மெத்தை, சோபா, ஜன்னல் திரை, பரண் மேல ஒட்டடை. துடைப்பம் எட்டாத, ஈரத்துணி போட முடியாத இடங்கள். உலகம் முழுக்க வீட்டுக்கு வர்ற வேக்குவம் டெமோக்கள்ல ஒரு பழைய உத்தி உண்டு. உறிஞ்சற வாயில ஒரு துணியை வெச்சு மெத்தை மேல ஓட்டி, அந்தத் துணியை எடுத்துக் காட்டுறது. நேத்துதான் வெயில்ல காய வெச்சுத் தட்டின மெத்தையில இருந்து இவ்வளவு தூசியான்னு வீடே வாயைப் பொளக்கும். யோசிச்சா, இது பூத்தோட அதே கைக்குட்டைதான்.

இந்த முறையில டெமோ மெஷின் அந்த சேல்ஸ்மேன் கையில இருந்தது. ஒரே மெஷினை வெச்சு நாள் முழுக்க வீடு வீடாப் போகணும். ஆழ்வார்பேட்டையில உறிஞ்சின தூசியைக் கொட்டாம மந்தைவெளியில போய் ஆன் பண்ணா மெஷின் இழுக்காது, ஆர்டர் விழாது. அவரோட வருமானத்துல பெரிய பங்கு இன்சென்டிவ். அதனால பையைக் கொட்டறதும், ஹோஸைப் பார்த்துக்கறதும் அவர் பிழைப்போட பாகம். அவரும் மெஷினும் சேர்ந்துதான் ஒரு டெமோ.

வீட்டுக் கதவு மூடுது

அப்புறம் ஊர் மாறுச்சு. தனி வீடுகள் இடிஞ்சு ஃபிளாட் ஆச்சு. கேட்ல செக்யூரிட்டி உக்காந்தார். 'சேல்ஸ்மேன்களுக்கு அனுமதி இல்லை' போர்டு தொங்குச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, பதினொரு மணிக்கு பெல் அடிச்சா திறக்க ஆள் இல்ல. முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடற பழக்கமும் குறைஞ்சது.

இன்னொரு பக்கம் கடைகள் வளர்ந்துக்கிட்டே வந்தது. சென்னைக்கு இதுல ஒரு பெரிய பாரம்பரியம் உண்டு. வி.ஜி.பி தவணை முறையில பொருள் குடுத்து நடுத்தரக் குடும்பங்களைக் கடைக்குள்ள கூட்டிக்கிட்டு வந்தது. விவேக்ஸ் 1965-ல மயிலாப்பூர்ல ஒரு சின்னக் கடையா ஆரம்பிச்சது. பின்னாடி அவங்க புத்தாண்டு சேலுக்கு விடியறதுக்கு முன்னாடியே கியூ நிக்கும். 1978-ல எச். வசந்தகுமார் தி.நகர்ல வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். ஒரே கூரைக்கு அடியில பத்து பிராண்டை ஒப்பிட்டுப் பார்த்து, தவணையில வாங்கற பழக்கத்தை இந்தக் கடைகள்தான் நமக்குக் குடுத்தது.

வேக்குவம் கிளீனரும் இந்த அலமாரிக்கு வந்து சேர்ந்தது. ஆனா இங்க ஒரு விஷயம் தொலைஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தப்போ மெஷினோட கூட ஒரு ஆள் வந்தார். கடைக்கு வந்தப்போ பல நேரம் மெஷின் மட்டும்தான் வந்தது.

கடைக்குள்ள அதுக்கு என்ன ஆகுது?

கொஞ்சம் இயற்பியல் பேசலாம், பயப்படாதீங்க.

வேக்குவம் கிளீனர் தூசியை நேரா இழுக்கறதில்ல. உள்ள இருக்கிற விசிறி காத்தை வெளிய தள்ளுது. உள்ள அழுத்தம் குறையுது. வெளிக்காத்து அந்த இடத்தை நிரப்ப ஓடி வரும்போது தூசியையும் கூட்டிக்கிட்டு வருது. காத்து போயிடணும், தூசி தங்கணும். அதுக்குத்தான் பை, ஃபில்டர். ஃபில்டரோட துளைகள் அடைஞ்சா காத்து ஓட வழியில்ல, இழுவை போயிடும்.

இதுல ஒரு வேடிக்கை. காத்து ஓடலன்னா விசிறிக்கு வேலை கம்மி. அதனால மோட்டார் இன்னும் வேகமா சுத்தும், சத்தம் கீச்சுனு ஏறும். நாம என்ன நினைக்கிறோம்? "சத்தத்தைப் பாரு, செம பவர்!" உண்மையில அது மூச்சு முட்டற சத்தம். டப்பாவுல போட்டிருக்கிற வாட்ஸை நம்பறதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அது மெஷின் எவ்வளவு கரன்ட் குடிக்கும்னு சொல்லுது, எவ்வளவு இழுக்கும்னு சொல்லல.

இப்போ கடை டெமோவை இதோட பொருத்திப் பாருங்க. நம்ம வீட்டுத் தூசியில பாதி முடி, நூல், மண்ணு. கடையில டெமோ காட்ட வசதியா என்ன போடுவாங்க? சில இடத்துல அரிசி, பேப்பர் துண்டு. சில இடத்துல டால்கம் பவுடர் மாதிரி மாவுப் பொருள், ஏன்னா தரையில வெள்ளையா பளிச்சுனு தெரியும், ஒரே இழுப்புல மறையும். ஃபில்டரைச் சீக்கிரமா அடைக்கறது இந்த மெல்லிசு பவுடர்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பத்து டெமோ காட்டினா, அந்த ஃபில்டர் வீட்டுல எத்தனையோ வாரத்துல படற பாட்டை ஒரே நாள்ல பட்டுடும்.

சரி, கழுவலாமே? கழுவற மாதிரியான ஃபில்டரை நல்லாக் காய வெச்சுத்தான் மாட்டணும். பல கையேடுகள் குறைஞ்சது 24 மணி நேரம்னு சொல்லுது. நவம்பர் மாசச் சென்னையில அதுவும் பத்தாது. ஈரத்தோட மாட்டினா நாறும், மோட்டாருக்கும் ஆகாது. கடையில மாத்து ஃபில்டர் இல்லன்னா, கழுவற அன்னிக்கு டெமோ கிடையாது. சேல் நடக்கிற வாரத்துல யார் ஒரு நாளை விடுவாங்க? அதனால அதை யாரும் கழுவறதில்ல.

பேட்டரி மாடலுக்கு வேற தலைவலி. நாள் முழுக்க சார்ஜர்லயே மாட்டி, சூடான விளக்குக்கு அடியில நிறுத்தி வெச்சா லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். இல்லன்னா சார்ஜர் பாயின்ட்டே இல்லாத அலமாரியில வெச்சிருப்பாங்க, அது மெதுவா செத்துப் போகும்.

டிவி ஓடினா அதுல எதுவும் செலவாகறதில்ல, படம் ஓடிக்கிட்டே இருக்கும். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினா போதும். டெமோ காட்டக் காட்ட மோசமாகற பொருள்னு பார்த்தா, அந்த ஷோரூம்ல முதல்ல நிக்கறது வேக்குவம் கிளீனர்தான்.

தீவுத்திடலும் ஷோரூமும்

தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போயிருக்கீங்களா? அங்க காய் வெட்டற கருவி விக்கிறவர் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். வாய் ஓயாம பேசிக்கிட்டே கேரட்டைப் பூப்பூவா வெட்டுவார். நாம வாங்கிட்டு வந்து வீட்டுல வெட்டினா கேரட் உடையும், விரல் வெட்டும். அவர் கையில இருக்கிற பீஸ் நல்லாத் தீட்டினது, அவர் கையும் பழகினது. அங்க டெமோ பீஸ், நாம வாங்கற பீஸை விட நல்லா இருக்கும்.

ஷோரூம் வேக்குவம் கிளீனர் இதுக்கு நேர் எதிர். டெமோ பீஸ், பெட்டிக்குள்ள இருக்கிற பீஸை விட மோசமா இருக்கும்.

முதல் வகைக்கு நம்ம சட்டத்துல ரொம்ப நாளா இடம் இருக்கு. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 17. மாதிரியைக் காட்டி வித்தா, குடுக்கிற சரக்கு தரத்துல அந்த மாதிரியோட ஒத்துப் போகணும். எல்லா டெமோவும் தானா 'மாதிரி' ஆயிடாது, விக்கிறவர் வாங்கறவர் நடுவுல அப்படி ஒரு புரிதல் இருக்கணும். ஆனா தத்துவம் தெளிவு: நல்லதைக் காட்டி மோசமானதைக் குடுக்காதே. மோசமானதைக் காட்டி நல்லதைக் குடுத்தா? அதுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஆனா நஷ்டம் இல்லாம இல்ல. பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு மெஷின்ல ஒண்ணு நேத்து வந்தது, ஒண்ணு ஆறு மாசமா அடைச்சது. ரெண்டையும் ஓட்டிப் பார்த்து நாம எடுக்கிற முடிவு எந்த மெஷின் நல்லதுன்னு சொல்லாது. எந்த மெஷின் புதுசுன்னுதான் சொல்லும்.

இது கடைப் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. ஐரோப்பிய ஒன்றியமே இதுல மாட்டிக்கிட்டது. வேக்குவம் கிளீனருக்கு அவங்க மின்சிக்கன லேபிள் கொண்டு வந்தாங்க. அதுக்கான சோதனையை எப்படி வெச்சாங்கன்னா, தூசி டப்பா காலியா இருக்கும்போது. பிரிட்டனோட டைசன் கம்பெனி வழக்குப் போட்டது. வீட்டுல யாரும் காலி டப்பாவோட சுத்தம் பண்றதில்லயேங்கறதுதான் வாதம். டைசனுக்கு இதுல சொந்த லாபமும் இருந்தது, அதையும் சொல்லிடணும். ஜேம்ஸ் டைசன் எழுபதுகளோட கடைசியில, தன் வீட்டு மெஷின் பை அடைச்சு இழுவை போறதைப் பார்த்துத்தான் பை இல்லாத மெஷினைத் தேட ஆரம்பிச்சார். 5,127 மாதிரிகள் செஞ்சார். 1993-ல வந்த அவரோட 'DC01' மாடல்ல தூசி டப்பா கண்ணாடி மாதிரி தெரியும். அழுக்கை யார் பார்க்க விரும்புவாங்கன்னு அப்போ பலரும் தடுத்தாங்க. அந்த கம்பெனி 2018-ல இந்தியாவுக்கும் வந்தது.

வழக்கு பல வருஷம் இழுத்து, 2018 நவம்பர்ல ஐரோப்பிய ஒன்றியத்தோட பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து பண்ணிடுச்சு. உண்மையான பயன்பாட்டுக்கு முடிஞ்ச அளவு நெருக்கமா சோதனை இருக்கணும்னு சொன்னாங்க. அதாவது ஆய்வகத்துல சுத்தமான காலி மெஷின், கடையில அடைச்சுப் போன மெஷின். நம்ம வீட்டு மெஷின் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு.

மெஷின் பக்கத்துல நிக்கிறவங்க

திரும்ப நம்ம கேள்விக்கு வருவோம். கடையில டெமோ மெஷின் யாரோடது?

ஷோரூம்ல வேற வேற கலர் டி-ஷர்ட் போட்டு நிக்கிறாங்களே, அவங்கள்ல பல பேர் கடை ஊழியர் கிடையாது. பிராண்டோட ப்ரோமோட்டர்கள். பெரும்பாலும் பிராண்ட் நேரடியா இல்லாம ஒரு ஏஜென்சி வழியா சம்பளம். கடையோட ரேக், பிராண்டோட மெஷின், ஏஜென்சியோட ஆள். ப்ரோமோட்டர் இருக்கிற பிராண்ட் மெஷின் ஓரளவு ஒழுங்கா இருக்கும், ஏன்னா டார்கெட் அவர் தலையில. ப்ரோமோட்டர் இல்லாத பிராண்ட் மெஷினைக் கடைப் பையன் தொட மாட்டார். அவருக்கு அதுல டார்கெட்டும் இல்ல, மாத்து ஃபில்டர் வாங்க பட்ஜெட்டும் இல்ல. கேட்டா கடை பிராண்டைக் காட்டும், பிராண்ட் டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டும்.

ஆள் இருந்தாலும் அவர் நிலைமை என்ன? தி.நகர் கடைகள்ல நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவங்க வாழ்க்கையை 2010-ல வந்த வசந்தபாலனோட 'அங்காடித் தெரு' காட்டுச்சு. 2021-ல தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உக்கார இருக்கை வசதி கட்டாயம்னு சொன்னது. கேரளா 2018-லயே கொண்டு வந்தது. வேலை நேரத்துல உக்காரலாம்னு சொல்லவே 2021-ல ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்ட ஊர்ல, டெமோ மெஷினோட ஃபில்டரைக் கழுவ யார் நேரம் ஒதுக்கப் போறாங்க? நின்னு நின்னு களைச்ச ஆளும், அடைச்சு நிக்கிற மெஷினும் ஒரே காரணத்தாலதான் அப்படி இருக்காங்க. ரெண்டையும் பராமரிக்க ஆகற செலவு யார் கணக்குலயும் இல்ல.

ஸ்பாங்லரை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடையில துப்புரவு வேலை பார்த்து மூச்சுத் திணறின மனுஷன் செஞ்ச மெஷின் இது.

வாங்கப் போறீங்களா?

கடைசியா கொஞ்சம் நடைமுறை.

ஒண்ணு, ஆன் பண்றதுக்கு முன்னாடி டப்பாவைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. நிறைஞ்சிருந்தா கொட்டச் சொல்லுங்க. ஃபில்டர் எங்க இருக்கு, எப்படிக் கழட்டறதுன்னு கேளுங்க. கடையிலயே கழட்டத் திணறினா, வீட்டுலயும் திணறுவீங்க.

ரெண்டு, உள்ளங்கையால ஹோஸ் வாயை ஒரு நொடி மூடுங்க. சத்தம் நல்லா ஏறணும். கையை எடுத்ததும் இறங்கணும். கையை வெச்சாலும் எடுத்தாலும் அதே கீச்சுச் சத்தம்னா, மெஷின் ஏற்கனவே அடைச்சிருக்கு. அந்த டெமோவை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க.

மூணு, பவுடர் டெமோவைப் பார்த்து மயங்காதீங்க. கால்மிதியில ஒட்டின முடியையும், சோபா இடுக்கையும் காட்டச் சொல்லுங்க. மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுப் பக்கம் வீடு இருந்தா உங்களுக்கு வேண்டியது என்னன்னு உங்களுக்கே தெரியும். ஜன்னல் ஓரத்துச் சிமென்ட் தூசி.

நாலு, "டிஸ்ப்ளே பீஸ், விலை கம்மி, எடுத்துக்கோங்க"ன்னு சொன்னா, பில்லுல 'டிஸ்ப்ளே பீஸ்'னு எழுதச் சொல்லுங்க. வாரன்டி பில் தேதியில இருந்துதானேன்னும் எழுத்துல வாங்குங்க. புது ஃபில்டர் போட்டுத் தரச் சொல்லுங்க. பேட்டரி மாடல்னா டிஸ்ப்ளே பீஸ் பக்கமே போகாம இருக்கறது நல்லது.

அஞ்சு, வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இழுக்காம மூலையில கிடக்குதா? முதல்ல ஃபில்டரைக் கழுவி நல்லாக் காய வெச்சு ஓட்டிப் பாருங்க. நிறைய மெஷினுக்கு அதுதான் வியாதி. உண்மையிலயே செத்துப் போச்சுன்னா, பழைய இரும்புக்காரர்கிட்ட போடாதீங்க. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த புது மின்கழிவு விதிகள்ல வேக்குவம் கிளீனரும் சேர்ந்திருக்கு. பதிவு பெற்ற மறுசுழற்சி இடத்துல குடுக்கலாம்.

அடுத்த தடவை கடையில அந்த மெஷின் இழுக்கலன்னா, பக்கத்துல நிக்கிற பையனையோ பொண்ணையோ திட்டாதீங்க. "இதுக்கு மாத்து ஃபில்டர் உங்களுக்கு யார் தரணும்?"னு கேளுங்க. பெரும்பாலும் அவங்க சிரிப்பாங்க. சில பேர் நின்னு பதில் சொல்வாங்க. சொன்னா, கமென்ட்ல எங்களுக்கும் எழுதுங்க.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, இந்த வாரம் ஷோரூமுக்குக் கிளம்பற நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.